காந்த நினைவகத்தில் எழுத ஏன் இவ்வளவு கரண்ட்?

மாங்குளத்தான்:
எங்கள் ஊர்க் குளத்தின் துருசடியில் நீர்மட்டம் பதியும் பெட்டி ஒன்று செய்து பூட்டியிருக்கிறேன். சின்னச் சோலர் தகடு, 12 வோல்ற் பற்றரி. போன மாரியில் நாலு நாள் வெயிலே இல்லை. பற்றரி இறங்கி, எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மெமரி கார்ட் பழுதாகிவிட்டது. குளம் வான் பாய்ந்த இரவின் கணக்குத்தான் கமக்காரர் அமைப்புக்கு வேண்டியிருந்தது, அதுவே போய்விட்டது. எம்ரேம் (MRAM) என்ற காந்த நினைவகச் சில்லு கரண்ட் இல்லாமலே தரவைக் காக்கும் என்கிறார்கள். ஆனால் எழுதும்போது நிறைய இழுக்குமாமே? குறைக்க வழி உண்டா?

அறிவியல்நகர்:
அண்ணை, ஒவ்வொரு பிட்டிலும் இரண்டு காந்தப் படலங்கள். நடுவில் ஏறத்தாழ 1 நானோமீற்றர் தடிப்பில் மகனீசியம் ஒட்சைட்டு. இரண்டும் ஒரே திசை பார்த்தால் தடை குறைவு, எதிரெதிர் என்றால் தடை அதிகம். அந்த வித்தியாசம்தான் 0, 1. எழுதுவது என்றால் ஒரு படலத்தின் திசையைத் திருப்புவது. முதலில் பக்கத்துக் கம்பியில் மில்லியம்பியர் கணக்கில் ஓட்டம் விட்டு, அதன் காந்தப்புலத்தால் திருப்பினார்கள். பிறகு, சுலொன்செவ்ஸ்கி, பேர்ஜர் என்ற இயற்பியலாளர்கள் 1996இல் கணித்தபடி, ஸ்பின் (இலத்திரனுக்குள் இருக்கும் சின்னக் காந்தத்தன்மை) ஒரு பக்கம் சாய்ந்த இலத்திரன்களைப் படலத்துக்குள்ளேயே செலுத்தித் தள்ளினார்கள். ஓட்டம் குறைந்தது, ஆனால் அது அந்த மெல்லிய ஒட்சைட்டுக்குள்ளால் போவதால் ஒட்சைட்டு தேயும். கீழே தங்குதன் படலம் வைத்து அதற்குள்ளால் ஓட்டம் விடும் வழியும் உண்டு.

எனக்குப் பிடித்தது வோல்ற்றளவால் திருப்புவது. மேல்வயல் தண்ணீரைக் கீழ்வயலுக்கு விட மெசின் வைத்து வரம்புக்கு மேலால் இறைக்கலாம். மண்வெட்டியால் வரம்பை வெட்டியும் விடலாம். இது இரண்டாவது வகை. ஒட்சைட்டைச் சற்றுத் தடிப்பாக்கி வோல்ற்றளவு கொடுத்தால் ஓட்டம் அனேகமாக இல்லை. காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் சக்தி வரம்பு மட்டும் தாழும். 2012இல் ஜப்பானில் இப்படித் திருப்பிக் காட்டினார்கள்.

மாங்குளத்தான்:
வரம்பை மூடப் பிந்தினால்?

அறிவியல்நகர்:
அதுதான் சிக்கலே. காந்தம் பம்பரம் போலச் சுற்றும். அரைச் சுற்றில், அதாவது ஒரு நானோசெக்கனுக்கும் குறைவான நேரத்தில், வோல்ற்றளவை நிறுத்தவேண்டும். பிந்தினால் பழைய திசைக்கே வந்துவிடும். அத்தோடு ஒவ்வொரு துடிப்பும் திசையை மாற்றிவிடும் என்பதால், எழுதமுன் வாசித்தும் பார்க்கவேண்டும்.

உங்கள் பெட்டிக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவதற்குப் போகும் கரண்ட் மிகக் கொஞ்சம். சும்மா விழித்திருக்கும் சில்லுத்தான் பற்றரியைக் குடிக்கும். எழுதி முடிந்ததும் அதன் இணைப்பையே துண்டியுங்கள், தரவு அப்படியே இருக்கும். அப்புறம், வெளிக்காந்தம் மிகக் கிட்ட வந்தால் எம்ரேமில் எழுதியது கெடலாம். உங்கள் நீர்மட்ட மிதவையில் காந்தம் இருக்கிறதா?

மாங்குளத்தான்:
இருக்கிறது தம்பி. மட்டம் ஏறினால் சில்லு பூட்டும் மின்சுற்றுப் பலகைக்கு நாலு விரல் கிட்ட வந்துவிடும். நாளைக்குக் காலையிலேயே போய்ப் பலகையைத் தள்ளிப் பூட்டுகிறேன்.