கோடாக் கதையைச் சொல்லி மிரட்டாதீர்கள்

ஸ்டுடியோ சேகர்:
"ஏஐ வந்தால் கல்யாண போட்டோகிராஃபர் எல்லாம் காலி. நம்பாதவன் கோடாக் மாதிரி முழிப்பான்" என்று பக்கத்து இழையில் கதிர் எழுதியிருக்கிறார். ஃபிலிம் கம்பெனியான கோடாக் டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்துவிட்டு மூடி மறைத்ததாம். 1975-ல் கோடாக் இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் செய்த அந்த முதல் டிஜிட்டல் கேமராப் பெட்டியைப் பற்றிப் படித்ததுண்டா? மூன்றரை கிலோவுக்கு மேல் எடை. கறுப்பு வெள்ளை. ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி! தாலி கட்டும்போது அதை வைத்து என்ன கிழிப்பது?

கதிர்:
அது முதல் மாதிரி அண்ணே. அந்த 23 விநாடியைக் குறைப்பது யார் வேலை? 1978-ல் காப்புரிமை கைக்கு வந்தது. ஃபிலிம், பேப்பர், கெமிக்கலில் கொட்டிய லாபம் கண்ணை மறைத்தது. 2012 ஜனவரியில் திவால் மனு.

ஸ்டுடியோ சேகர்:
மறைத்தார்களா? 1991-ல் நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமராவின் உடம்பில் டிஜிட்டல் கேமரா செய்து விற்றது கோடாக்தான். 2005-ல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடமும் அவர்களே. ஆனால் ஃபிலிம் ரோல் திரும்பத் திரும்பக் கொடுத்த காசு கேமராவில் வரவில்லை. இது குருட்டுத்தனமா? 23 விநாடிக்கு இன்னும் பதில் வரவில்லை.

கதிர்:
ஃபியூஜியும் ஃபிலிம் கம்பெனிதானே? ஃபிலிமுக்கும் தோலுக்கும் பொதுவான கொலாஜன் என்ற புரதத்தில் இருந்த அனுபவத்தை வைத்து 2007-ல் முகப்பூச்சு இறக்கிப் பிழைத்தார்கள். மாற்றம் பிடிக்காதவர்களுக்கு இது உறைக்காது.

ஸ்டுடியோ சேகர்:
அப்போ நான் முகப்பூச்சு விற்கவா தம்பி? ட்ரோன் இழையிலும் இப்படித்தான் வாயை அடைக்கப் பார்த்தீர், மறக்கவில்லை. சிவப்பு பல்பு வெளிச்சத்தில் ட்ரேயை ஆட்டி ஆட்டி, பேப்பரில் மணப்பெண் முகம் மெல்ல ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த டார்க் ரூமை மூடிவிட்டு கம்ப்யூட்டர் வாங்கியவனும் நான்தான். ஏஐயில் கலர் திருத்தம் இன்றும் செய்கிறேன். ஆனால் பாட்டி அழுததை அழுத நேரத்தில் எடுக்கத்தான் எனக்குப் பணம் தருகிறார்கள். அழாத பாட்டியை அழ வைத்துக் காட்ட இல்லை.

ஊட்டிக்காரன்:
எங்கள் ஊர் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். 1967-ல் உற்பத்தி தொடங்கிய அரசு ஆலை. அங்கே 'இந்து' என்ற பெயரில் வந்த எக்ஸ்ரே ஃபிலிமை டிஜிட்டலா சாய்த்தது? 90களில் இறக்குமதி வரி இறங்கியது, கடன் கழுத்தை நெரித்தது. செல்போனில் கேமரா வருமுன்பே ஆலை படுத்துவிட்டது.

கதிர்:
அரசு ஆலை என்றாலே மெத்தனம்தான். வேறென்ன?

ஊட்டிக்காரன்:
வார்த்தையை அளந்து பேசுங்கள். ஃபிலிமில் வெளிச்சம் படக் கூடாது என்று ஷிஃப்ட் முழுக்க இருட்டில் நின்றார் என் அப்பா. எந்த மெஷின் எங்கே என்பது கைக்குத்தான் தெரியும். அவரை மெத்தனம் என்கிறீர்களா?

கதிர்:
உங்கள் அப்பாவைச் சொல்லவில்லை. நிர்வாகத்தைச் சொன்னேன்.

ஸ்டுடியோ சேகர்:
இப்படி நழுவுவதே இவர் வழக்கம். கதிர், 23 விநாடி என்ன ஆச்சு?