ஒட்சிசன் குறைபாடும் இடைமுகக் காந்தமும்: யாராவது விளக்குங்களேன்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் ஹட்டன் பக்கம், பேராதனையில் பௌதிகவியல் இறுதி வருடம். செமினாருக்கு எடுத்திருப்பது லந்தனம் அலுமினேட், ஸ்ட்ரோன்சியம் டைட்டனேட் என்ற இரண்டு ஒட்சைட்டுகள் ஒட்டிக்கொள்ளும் எல்லை, அதாவது இடைமுகம். இரண்டுமே மின் கடத்தாதவை, காந்தமும் இல்லை, ஆனால் ஒன்றின்மேல் மற்றதைப் படியவைத்தால் நடுவில் மின்சாரம் ஓடுகிறது என்று 2004இல் ஓட்டோமோவும் ஹுவாங்கும் காட்டினார்கள். அதுவரை சரி.

சிக்கல், 2007இல் பிரிங்க்மன் குழு கண்ட காந்தத்தன்மையில்தான். ஒட்சிசன் அணு ஒன்று கழன்றால் இரண்டு இலத்திரன்கள் மிஞ்சும், அவை பக்கத்து டைட்டேனியத்தில் தங்கினால் அது 4+ இலிருந்து 3+ ஆகும், சோடியில்லாத ஸ்பின் (இலத்திரனின் காந்தத்துக்குக் காரணமான பண்பு) வரும், குட்டிக் காந்தம் தயார். அப்படியென்றால் ஒட்சிசன் கழன்ற வெற்று இடங்கள் கூடக் கூடக் காந்தமும் கூடவேண்டாமா? அவர்களுக்கோ ஒட்சிசன் அமுக்கம் அதிகமாக, 10⁻³ மில்லிபார் அளவில் வளர்த்த, அதாவது அந்த வெற்று இடங்கள் குறைவான மாதிரிகளில்தான் அது தெரிந்தது. 0.3 கெல்வினில் காந்தப்புலம் ஏறும்போது தடை ஒரு பாதையில் போகிறது, இறங்கும்போது வேறு பாதையில் வருகிறது, அதைத்தான் காந்தத்தின் அடையாளமாக எடுத்தார்கள்!

அமுக்கம் குறைந்தால் இலத்திரன்கள் ஸ்ட்ரோன்சியம் டைட்டனேட்டுக்குள் ஆழமாகப் பரவி, அந்த ஓட்டத்தில் இடைமுகத்தின் சிக்னல் அமுங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். இது சரியா, இல்லை அங்கே காந்தமே வராதா? இரும்புச் சாமணம் பட்டாலே பொய்ச் சிக்னல் வருமாம், அதனால் எந்த அளவீட்டை நம்புவதென்றும் சொல்லுங்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் வொய்ஸ் நோட் போட்டாலும் போதும், எங்கள் பக்கம் மழைக்கு சிக்னல் போய்ப் போய் வருகிறது, வீடியோ கோல் சரிவராது.