மறுமொழி: பம்ப்-ஆஃப் கன்ட்ரோலருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எண்ணெய்க் கிணற்றில் ஊறுவதைவிட வேகமாகப் பம்பு இறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் கருவிதான் பம்ப்-ஆஃப் கன்ட்ரோலர். அதற்கு நம் குழுவில் வந்த பெயர்களைப் பற்றி என் கருத்து இது.

> 'தானியங்கி எக்கி வேகக் கட்டுப்பாட்டகம்' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, சொல்லில் பிழையில்லை. ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தில் குழாய் அழுத்தத்தைப் பார்த்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கும் அதே பெயர் பொருந்தும். எண்ணெய்க் கிணற்றில் இருப்பது எதைப் பார்த்து வேகத்தை மாற்றுகிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

மேற்கு டெக்சஸில் மிட்லண்ட், ஒடெசா பக்கம் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் பம்புகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உண்மையான பம்பு கிணற்றின் அடியில், ஓர் உருளைக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற உந்துதண்டுதான். மேலே ஆடுவது நீண்ட இரும்புக் கம்பித் தொடர் வழியாக அதை இழுக்கும் பொறி. பாறை தரும் எண்ணெயைவிட வேகமாக இறைத்தால் உருளை பாதிதான் நிரம்பும். மேல்பாதியில் வெறும் வாயு. அப்போது கீழிறங்கும் பிளஞ்சர், மேலே நிற்கும் எண்ணெயின் பாரத்தையும் சுமந்தபடியே வாயுவைக் கடந்து, எண்ணெய்ப் பரப்பில் போய் மோதும். அந்த அதிர்ச்சியில் கம்பி வளைந்து குழாய்ச் சுவரை உரசும். நாள்பட்டால் கம்பி அறுந்துபோகும், கியர் பெட்டியும் அடிவாங்கும்.

ஆங்கிலத்தில் fluid pound எனப்படும் இந்த மோதலைத் 'திரவ அடி' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அடி' என்றால் ஆழ அளவா, கிணற்றின் அடிப்பாகமா, அடிப்பதா என்று குழப்பம் வரும். 'நீர்ம மோதல்' நேராக இருக்கிறது.

> 'எண்ணெய் மட்டக் கட்டுப்படுத்தி'?

இதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கருவி மட்டத்தை நேராக அளப்பதில்லை. கம்பியின் மேல்முனையில் எவ்வளவு பாரம், அது எந்த உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்து ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு மூடிய வளைவை வரைகிறது. இரண்டு கிலோமீட்டர் கம்பி இழுபட்டுச் சுருங்கும் என்பதால், மேலே தெரியும் வளைவு அடியில் நடப்பதை அப்படியே காட்டாது. ஷெல் நிறுவனத்தில் இருந்த சாம் கிப்ஸ் 1960களில் அலைச் சமன்பாட்டைக் கொண்டு, மேல்முனை அளவுகளிலிருந்தே அடிப் பம்பின் வளைவைக் கணக்கிட வழி சொன்னார். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஒரு கருவியையும் கீழே இறக்காமல், உருளை எத்தனை விழுக்காடு நிரம்பியது என்று சொல்லிவிட முடிகிறது! அதற்கு 'நிரம்பளவு' என்று வைக்கலாம்.

இனி முதன்மைச் சொல். நம் ஊர்க் கிணற்றுமேட்டில் 'இறைச்சது போதும், ஊறட்டும்' என்பார்கள். பாறையிலிருந்து கிணற்றுக்குள் வந்து சேர்வதற்கு 'ஊறல்' என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. எண்ணெய்க்கும் அது தாராளமாகப் பொருந்தும்.

பழைய வகைக் கருவி நிரம்பளவு குறைந்ததும் பம்பை நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி ஓட்டும். இதற்கு 'வறள்நிறுத்தி'. ஆனால் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் பொறிக்குச் சிரமம். நின்ற நேரத்தில் மணல் படிந்து பிளஞ்சர் இறுகவும் கூடும். புதிய வகை நிறுத்துவதில்லை. நிரம்பளவு 85 விழுக்காடு என்று இலக்கு வைத்தால், அதற்குக் கீழே போகும்போது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் குறைத்து வேகத்தைத் தணிக்கும், மேலே போனால் கூட்டும். ஒரேயடியாகக் குறைக்கவும் முடியாது. கியர் சுழன்று பெட்டிக்குள் இருக்கும் மசகெண்ணெயை வாரியடித்தால்தான் பேரிங்குகளுக்கு மசகு கிடைக்கும் என்பதால் கீழ்வரம்பு ஒன்று உண்டு. இந்தப் புதிய வகைக்கு என் முன்மொழிவு 'ஊறல்சார் வேகக் கட்டுப்படுத்தி'. பேச்சில் 'ஊறல் கட்டுப்படுத்தி' என்று சுருக்கினால் ஊறலையே கட்டுப்படுத்துவதாகப் பொருள் மாறிவிடும். அதனால் 'வேக'த்தை விடக் கூடாது.

இலங்கை நண்பர்கள் பம்பி என்பதும் இங்கே பலர் எக்கி என்பதும் இதில் இடிக்காது. பெயருக்குள் பம்பே வரவில்லை, பாருங்கள்.

இன்னொரு சொல் பாக்கி. எண்ணெயோடு வாயு கலந்து வந்தாலும் நிரம்பளவு குறையும். அப்போது வளைவில் பாரம் சரிவாக இறங்கும். நீர்ம மோதலில் செங்குத்தாக விழும். களத்தில் இருப்பவர் இரண்டையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். முதலாவதற்கு 'வாயு இடையூறு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.