ப்ராஸ்டேட் கட்டியைச் சுற்றியுள்ள திசு நோய் எதிர்ப்பைத் தடுக்கிறதா?

தூரத்துமேகம்:
அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய். அதனால் கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் நன்றாக வேலை செய்யும் இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டும்) மருந்துகள் ப்ராஸ்டேட்டில் பெரும்பாலும் பலிப்பதில்லை என்கிறார்கள், காரணம் கேட்டால் "ஸ்ட்ரோமா" என்கிறார்கள். கட்டியைத் தாங்கி நிற்கும் திசுதானே அது, அதற்கும் நோய் எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

நுண்ணோக்கி:
தாங்கி நிற்பதோடு அது சும்மா இருந்தால் பிரச்சினையே இல்லை. இயல்பான ப்ராஸ்டேட்டில் சுரப்பிகளுக்கு இடையே நிறைய மென்தசை இருக்கும். புற்றுநோய் வளரும்போது பல இடங்களில் அந்தத் தசை குறைந்து, தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் (இணைப்புத் திசுவை உருவாக்குபவை) பெருகுகின்றன, புண் ஆறும் இடத்தில் நடப்பது போலவே, ஆனால் புண் ஆறி முடிவதே இல்லை. இவை கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டி இடத்தை இறுக்கமாக்குவதால், கட்டியைத் தாக்க வேண்டிய வெள்ளை அணுக்களான டி செல்கள் உள்ளே நகர்வது கடினமாகிறது. அதைவிட முக்கியம் இவை சுரக்கும் புரதங்கள்: டிஜிஎஃப்-பீட்டா டி செல்களின் கொல்லும் திறனை மட்டுப்படுத்தும், சிசிஎல்2 மோனோசைட்டு என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களை வரவழைக்கும், வந்தவற்றில் பல எதிர்ப்பை அடக்கும் பக்கமே சாய்ந்துவிடும். ஆக டி செல்கள் ஒன்று வெளியிலேயே நின்றுவிடுகின்றன, இல்லையென்றால் உள்ளே போயும் சோர்ந்துவிடுகின்றன.

1999இல் வந்த ஒரு ஆய்வை இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்வார்கள்: மனிதப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்களோடு சேர்த்து வைத்தபோது, தானாகக் கட்டி உண்டாக்காத ப்ராஸ்டேட் செல்கள்கூட கட்டியாக வளர்ந்தன, சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட்களோடு அப்படி நடக்கவில்லை.

கறார்க்காரன்:
நல்ல ஆய்வுதான், ஆனால் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. மனித செல்களை ஏற்றுக்கொள்ள எதிர்ப்பு சக்தி குன்றிய விலங்குகளில்தான் அதைச் செய்ய முடியும். ஸ்ட்ரோமா கட்டியை வளர்க்கும் என்பதற்கு அது சான்று, எதிர்ப்பைத் தடுக்கும் என்பதற்கு அல்ல.

எல்லாப் பழியையும் ஸ்ட்ரோமா மேல் போடுவதும் சரியில்லை. மெலனோமாவோடு ஒப்பிட்டால் ப்ராஸ்டேட் கட்டியில் மரபணு மாற்றங்கள் மிகக் குறைவு, டி செல்கள் அந்நியமென்று அடையாளம் காண அங்கே அதிகம் இல்லை. டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான சிறு பங்கு கட்டிகளில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து வேலை செய்வதே இதைக் காட்டுகிறது. அந்த வகைக் கட்டிகளுக்கு, எந்த உறுப்பில் வந்தாலும், 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நுண்ணோக்கி:
முதல் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எலும்புக்குப் பரவிய நிலையையும் பாருங்கள், ப்ராஸ்டேட் அதிகம் போவதே அங்கேதான். அங்கே எலும்பு அரிக்கப்படும்போது அதில் சேமித்து வைத்திருந்த டிஜிஎஃப்-பீட்டா வெளியாகிறது. 2019இல் வந்த ஒரு எலி ஆய்வில், இபிலிமுமாப் வகை இம்யூனோதெரபி மருந்து கொடுத்தபோது எலும்பில் டி செல்கள் கூடின, ஆனால் கட்டியைத் தாக்கும் டிஎச்1 வகையாக மாறாமல் டிஎச்17 என்ற வேறு வகைப் பக்கம் போயின. டிஜிஎஃப்-பீட்டாவையும் சேர்த்துத் தடுத்த பிறகுதான் கட்டி சுருங்கியது. ஒரே கட்டி, இடம் மாறினால் பதிலும் மாறுகிறது, அது சுற்றுப்புறத்தின் வேலைதானே?

தூரத்துமேகம்:
அப்படியென்றால் ஃபைப்ரோபிளாஸ்ட்களை மொத்தமாக அழித்துவிட்டால்?

கறார்க்காரன்:
கணையப் புற்றுநோயில் எலிகளில் செய்து பார்த்தார்கள், 2014இல் முடிவு வந்தது. நோய் இன்னும் மூர்க்கமானது, எலிகள் சீக்கிரம் இறந்தன. அந்தத் திசுவின் ஒரு பகுதி கட்டியைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது. ப்ராஸ்டேட்டிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் துடைத்தெறிவதைவிடக் குறிப்பிட்ட சமிக்ஞையை மட்டும் தடுப்பதுதான் எனக்கு விவேகமாகப் படுகிறது. டிஜிஎஃப்-பீட்டாவிலும் இதே சிக்கல், தொடக்க நிலையில் அது செல் பெருக்கத்துக்கே தடை போடும்.

அப்பா விஷயத்துக்கு வந்தால், ஸ்ட்ரோமாவை வைத்து இன்று சிகிச்சை தீர்மானிப்பதில்லை. நோய் பரவியிருந்தால் எம்எஸ்ஐ சோதனை (நான் சொன்ன டிஎன்ஏ பிழைதிருத்தப் பழுதைக் கண்டுபிடிப்பது) செய்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தூரத்துமேகம்:
சரி, அடுத்த முறை போகும்போது கேட்கிறேன். நன்றி இருவருக்கும்.