பிளாஷ்பேக், கிராபிக்ஸ் மாற்றம்: வெள்ளிக்குள் சொல் வேண்டும்

அனுப்பியவர்: ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் போன வருடம் ஸ்கிராட்ச் என்ற சிறுவர் நிரல்மொழியில் ஒரு சின்ன கேம் செய்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் காணாமல் போன ஆட்டை ஒரு பெண் தேடுகிற கதை. இந்த வருடம் அதற்கு இரண்டாம் பாகம். அதே பெண் பாட்டி வாழ்ந்த பழைய லயத்து வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) போகிறாள். கதவைத் தொட்டதும் செம்பனை மறைந்து ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. விடியற்காலைப் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), மரத்துக்கு மரம் மங்கு (பால் சேரும் கிண்ணம்), தோளில் பால் வாளி. அந்தக் காட்சிகளை மட்டும் கட்டம் கட்டமான பழைய கேம் மாதிரி வரைந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை கண்காட்சி. பலகையை வெள்ளி மாலைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பிளாஷ்பேக் என்பதற்கு ஒரு சொல், தொடர் பாகத்தில் படம் வரையும் விதம் மாறுவதற்கு ஒரு சொல், இரண்டும் தேவை. பலகையைப் படிக்கப் போவது பெற்றோர்கள். வேலை முடிந்து நேராக வருபவர்கள். நின்று யோசிக்க வைக்கிற சொல் வேண்டாம்.

அனுப்பியவர்: புலவர், தஞ்சாவூர் (செவ்வாய் காலை)

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

'பின்னோக்கு' என்று பலர் எழுதுகிறார்கள். யாராவது அதை முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன். முன், பின் இரண்டும் இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். ஆனால் எதிரெதிராகக் குறிக்கும். முன்னால் நிற்பவர் கண்ணெதிரே இருக்கிறார், முன்னொரு காலமோ கடந்துபோனது. பின்னால் இருப்பது முதுகுப்புறம், பின்னாளில் நடப்பதோ இனி வருவது. ஆகவே பின்னோக்கு என்பதை வருங்காலத்தைப் பார்ப்பது என்றும் கொள்ளலாம்.

தொல்காப்பியர் இந்தச் சிக்கலில் விழவில்லை. காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்றாக்கினார். இறத்தல் என்றால் கடத்தல். எதிர்வு என்றால் முகத்துக்கு நேரே வருவது. ஆகவே என் பரிந்துரை 'இறப்புக்காட்சி'. இலக்கணத்தில் வேரூன்றிய சொல், மயக்கமே கிடையாது.

அனுப்பியவர்: ஆசிரியை, சுங்கை சிப்புட்

ஐயா, விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, வகுப்பில் சொல்லப் போகிறேன். ஆனால் 'பாட்டியின் இறப்புக்காட்சி' என்று பலகையில் போட்டால் அந்தப் பாட்டியே கண்காட்சிக்கு வந்து படிப்பார். வேண்டாம் ஐயா.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், டொராண்டோ (செவ்வாய்)

> மயக்கமே கிடையாது

ஐயா, மயக்கம் படிக்கிறவருக்குத்தான் வரும், வேர்ச்சொல்லுக்கு வராது. தமிழ்ப் படம் பார்க்கிற எல்லோருக்கும் பிளாஷ்பேக் தெரியும். வலைப்பதிவுகள் செழித்திருந்த நாள்களில் பழைய நினைவை எழுதுவதைக் 'கொசுவத்தி சுற்றுவது' என்றே சொன்னோம். திரையில் சுருள் சுற்றினால் கதை பழைய காலத்துக்குப் போகிறது என்று குழந்தைக்கும் தெரியும். மக்கள் தாங்களாகவே செய்துகொண்ட கலைச்சொல் அது, யாரும் குழு போட்டுத் தரவில்லை. பலகையில் பிளாஷ்பேக் என்றே போடுங்கள்.

அனுப்பியவர்: கேம் ஓவியர், ஈப்போ (செவ்வாய் இரவு)

டீச்சர், சொல் தேடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். காட்டப்படுவது யாருடைய பழைய காலம்?

மெட்டல் கியர் சாலிட் 4 வந்தது 2008இல், பிளேஸ்டேஷன் 3இல். கிழண்டு போன நாயகன் ஸ்னேக் ஹெலிகாப்டரில் தூங்கிவிடுகிறான். கனவு வருகிறது. அந்தக் கனவை நாமே விளையாடுகிறோம், அதுவும் 1998இல் வந்த முதல் மெட்டல் கியர் சாலிடின் முரட்டுக் கட்டப் படங்களிலேயே. விழித்ததும் கனவில் வந்த அதே பனித்தளத்துக்குப் போகிறான், இப்போது எல்லாம் புதுப்படம், எல்லாம் பாழடைந்து கிடக்கிறது. அந்தப் பனித்தளத்தை அவன் கட்டம் கட்டமாகப் பார்த்திருக்க மாட்டான். அப்படிப் பார்த்தவர்கள் பத்து வருடம் முன்பு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாம். அங்கே விழிப்பது நம்முடைய நினைவு.

ஃபைனல் ஃபேண்டசி 7இல் (1997) விஷயம் வேறு. நாயகன் கிளவுட் தன் ஊரில் ஐந்து வருடம் முன்பு நடந்ததைச் சொல்கிறான், நாம் அதை விளையாடுகிறோம். பாதிக் கதைக்கு மேல் போன பிறகுதான் அவன் நினைவே பிசகு என்று தெரிகிறது. வீரனாக அங்கே போனவன் வேறொருவன். அதைப் போய் இறந்தகாலக் காட்சி என்றால் பொய்யாகிவிடும். நடந்ததைக் காட்டவில்லை, அவன் நினைத்ததைக் காட்டினார்கள்.

ஆகவே 'நினைவுக்காட்சி'. கட்டப்படங்களை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவருவதற்குத் தனியாக 'பழந்திரை'.

அனுப்பியவர்: புலவர், தஞ்சாவூர் (புதன்)

தம்பி சொன்னது என்னை மணிமேகலைக்கு இழுத்துச் சென்றுவிட்டது. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையை, அதாவது புத்தரின் இருக்கையை, கண்டதும் அவளுக்குப் பழம்பிறப்பு நினைவுக்கு வருகிறது. 'பீடிகை கண்டு பிறப்புணர்ந்த காதை' என்று சாத்தனார் அதற்கென்று ஒரு காதையே வைத்தார். ஓரிடம், அதைக் கண்டதும் விழிக்கும் நினைவு. பிள்ளைகள் கதவைத் தொட வைத்திருப்பதும் இதேதான்! அவர்கள் சாத்தனாரைப் படித்திருக்க மாட்டார்கள். தமிழ்க் கதைமரபு அவர்கள் கையில் தானாக வந்திருக்கிறது. 'பீடிகைக்காட்சி' என்று வைத்தால் என்ன?

அனுப்பியவர்: கேம் ஓவியர், ஈப்போ

ஐயா, செல்டா வரிசையில் 2017இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டும் அப்படித்தான். நூறு வருடம் தூங்கி எழுந்தவனுக்கு எதுவும் நினைவில்லை. கையில் 12 படங்கள் இருக்கின்றன. எந்த இடம் என்று நாமே அலைந்து கண்டுபிடித்து அங்கே போய் நின்றால்தான் நினைவு வரும். பீடிகை என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது, எங்கள் ஊர்ப் பெற்றோருக்குப் புரியாது.

அனுப்பியவர்: கல்லூரி ஆசிரியர், கோயம்புத்தூர் (புதன்)

இரண்டாவது சொல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 'காட்சிப் பாணி' என்று வைக்கத் தோன்றலாம், வேண்டாம். பழைய நூல்களில் பாணி என்றால் பாட்டு, தாளம். ஸ்டைலுக்கு நம்மிடம் 'நடை' இருக்கிறது. எழுத்து நடை போல 'தீட்டு நடை' என்று வைக்கலாம்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், டொராண்டோ

தீட்டு என்ற சொல்லைப் பிள்ளைகள் பலகையில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அந்தச் சொல் எத்தனை பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பது உங்களுக்கும் தெரியும். 'வரைநடை' என்று வையுங்கள், வாயில் வருகிறது. செல்டாவிலேயே 2002இல் வந்த தி விண்ட் வேக்கர் கார்ட்டூன் போல மாறியபோது சண்டை போட்ட ரசிகர்கள் உண்டு. 2006இல் ட்வைலைட் பிரின்சஸ் மீண்டும் இயல்பான உருவங்களுக்குப் போனது. அதற்கு 'வரைநடை மாற்றம்' போதும்.

அனுப்பியவர்: ஆசிரியை, சுங்கை சிப்புட் (வியாழன்)

நேற்று ஒரு மாணவியின் பாட்டி பள்ளிக்கு வந்தார். முப்பது வருடம் பால் வெட்டியவர். கேமைக் காட்டினோம். கட்டம் கட்டமாக, சாம்பல் நிறத்தில் இருந்த ரப்பர் மரங்களை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல மரம் இப்படியா இருந்துச்சு? இலை உதிர்றதுக்கு முன்னாடி செவசெவன்னு இருக்கும்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நன்னூலில் கால வழுவமைதி (ஒரு காலத்தை வேறு காலமாகச் சொன்னாலும் ஏற்பது) நடத்துகிறோம், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று ஒப்பிக்க வைக்கிறோம். பாட்டி கடந்துபோன ஒன்றை 'இருக்கும்' என்றார். அவருக்கு அது கடக்கவில்லை. அதை நாங்கள் பழசு என்று நினைத்துக் கட்டம் போட்டு மங்கலாக்கிவிட்டோம். ஈப்போ தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. முதல் மெட்டல் கியர் சாலிடை நீங்கள் கட்டமாகப் பார்த்தீர்கள், அதனால் அங்கே கட்டம் உண்மை. பாட்டி எதையும் கட்டமாகப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து நிறம் கேட்டுக் கேட்டு மறுபடி வரைகிறார்கள். கட்டப்படம் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும். போன வருட ஆடு ஒரு நொடி எட்டிப் பார்க்கும், போன வருடம் வரைந்த அதே படத்தில். அதற்குப் 'பழந்திரை' என்று பெயர் போடுகிறோம். மற்றபடி நினைவுக்காட்சி, வரைநடை மாற்றம். குழுவில் பெரும்பாலோர் சரி என்றுவிட்டீர்கள், பலகையை இன்றே அனுப்பிவிடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், டொராண்டோ

சரி. அடியில் சின்ன எழுத்தில் பிளாஷ்பேக் என்றும் போடுங்கள். அப்புறம், பாட்டிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: புலவர், தஞ்சாவூர் (வெள்ளி காலை)

பலகை போய்விட்டது, தெரியும். இருந்தாலும் என் மறுப்பு பதிவாகட்டும். தி விண்ட் வேக்கர் பழைய சித்திரச் சுருள் போல ஒரு முற்காலக் கதையைச் சொல்லித் தொடங்குகிறது என்று பேரன் போட்டுக் காட்டினான். அங்கே நினைப்பவர் யார்? அந்தக் கதைக்குள் யாருமே இல்லை, வழிவழியாக வந்த கதை மட்டும் இருக்கிறது. அதை நினைவுக்காட்சி என்று நான் ஒப்பமாட்டேன். வார இதழ்களில் 'முன்கதைச் சுருக்கம்' படித்து வளர்ந்த நமக்கு 'முன்கதை' கையிலேயே இருக்கிறது. அதில் முன் என்பதற்கு ஒரே பொருள்தான். அடுத்த பாகத்துக்காவது யோசியுங்கள்.