விர்ச்சுவல்பாக்ஸ்: பிங் போகிறது, டொமைனில் சேர மறுக்கிறது

கேள்வி:
விர்ச்சுவல்பாக்ஸ் 7-இல் இரண்டு விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி). ஒன்று விண்டோஸ் சர்வர் 2019. டொமைன் கன்ட்ரோலர் (டொமைன் என்ற கணினிக் குழுவை நிர்வகிப்பது), டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி சொல்வது) இரண்டும் அதில்தான், முகவரி 192.168.10.10, டொமைன் லேப்.இன்டர்னல். மற்றது விண்டோஸ் 10 ப்ரோ, 192.168.10.20. இரண்டிலும் முதல் அடாப்டர் நாட் (இணையத்துக்கு), அடுத்தது இன்டர்னல் நெட்வொர்க் (விஎம்களுக்குள் மட்டும்). கிளையன்டிலிருந்து (விண்டோஸ் 10) சர்வருக்குப் பிங் போகிறது. டொமைனில் சேர்த்தால் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. விவரத்தில், டிஎன்எஸ்ஸில் அப்படி ஒரு பெயரே இல்லையாம். சர்வரில் ஃபயர்வாலை அணைத்தும் பயனில்லை.

பதில் 1:
ஃபயர்வாலை முதலில் திரும்பப் போடுங்கள், அது பாவம். கன்ட்ரோலர் ஆக்கும்போதே தேவையான விதிகள் தானாகத் திறந்துவிடும்.

பிங் போனால் வழி இருக்கிறது, அவ்வளவுதான். சேரும்போது விண்டோஸ் டிஎன்எஸ்ஸிடம் கேட்பது _எல்டாப்._டிசிபி.டிசி._எம்எஸ்டிசிஎஸ்.லேப்.இன்டர்னல் என்ற எஸ்ஆர்வி பதிவை (ஒரு சேவை எந்தச் சர்வரில், எந்தப் போர்ட்டில் என்று சொல்வது). உங்கள் நாட் அடாப்டர் டிஎச்சிபி (முகவரி விவரங்களைத் தானாகக் கொடுப்பது) வழியாக வீட்டு ரூட்டரின் டிஎன்எஸ்ஸையோ 10.0.2.3-ஐயோ வாங்கி வைத்திருக்கும். அவற்றுக்கு உங்கள் டொமைனைத் தெரியாது.

கிளையன்டில் டிஎன்எஸ் 192.168.10.10 மட்டும். மாற்றாக 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போட வேண்டாம்: அது "இல்லை" என்று சொன்னால் அதுவும் பதில்தான், விண்டோஸ் அதோடு நிறுத்திக்கொள்ளும். பிறகு ஐபிகான்ஃபிக் கட்டளையில் ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுத்து (சேமித்த பழைய டிஎன்எஸ் பதில்கள் அழியும்), டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் என்எஸ்லுக்கப்பில் வகையை எஸ்ஆர்வி என்று வைத்து அந்தப் பெயரைத் தேடுங்கள். போர்ட் 389-உம் சர்வரின் முழுப் பெயரும் வர வேண்டும்.

கேட்டவர்:
இரண்டு அடாப்டரிலும் டிஎன்எஸ்ஸை மாற்றினேன், எஸ்ஆர்வி வருகிறது. ஆனால் லேப்.இன்டர்னலைப் பிங் செய்தால் சில நேரம் 10.0.2.15 வருகிறது. சேர்க்கும்போது வெகுநேரம் சுற்றிவிட்டுத் தோற்கிறது.

பதில் 2:
விர்ச்சுவல்பாக்ஸ் நாட்டில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனி வலை. முதல் அடாப்டர் நாட் என்றால் எல்லாமே 10.0.2.15-தான். சர்வர் தன் நாட் முகவரியையும் டிஎன்எஸ்ஸில் பதிந்துவிட்டது. கிளையன்டிலும் அதே முகவரி. அதாவது கிளையன்ட் தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது.

சர்வரின் நாட் அடாப்டரில் ஐபிவி4 → அட்வான்ஸ்டு → டிஎன்எஸ் பக்கம் போய், முகவரியைப் பதியும் டிக்கை எடுங்கள். அது மட்டும் போதாது. டிஎன்எஸ் மேனேஜரில் சர்வரின் ப்ராப்பர்டீஸ் → இன்டர்ஃபேசஸில் 192.168.10.10 மட்டும் கேட்கும்படி வையுங்கள். இதை விட்டால் அழித்த பதிவு திரும்ப முளைக்கும். பிறகு 10.0.2.15 காட்டும் ஏ பதிவுகளை, அதாவது பெயருக்கு முகவரி சொல்பவற்றை, அழித்து (சர்வர் பெயரில் ஒன்று, டொமைன் பெயரிலேயே ஒன்று இருக்கும்) நெட்லாகன் சர்வீஸை (கன்ட்ரோலரின் பதிவுகளை டிஎன்எஸ்ஸில் போடுவது) ரீஸ்டார்ட் செய்யுங்கள். கிளையன்டில் மறுபடி ஃப்ளஷ்டிஎன்எஸ்.

பதில் 3:
மேலே சொன்னது சரி. ஆனால் கன்ட்ரோலருக்கு இரண்டு அடாப்டர் வைப்பதே வேண்டாத வம்பு. ஃபைல் → டூல்ஸ் → நெட்வொர்க் மேனேஜரில் 192.168.10.0/24 என்று ஒரு நாட் நெட்வொர்க் (விஎம்கள் பகிர்ந்துகொள்ளும் நாட்) உருவாக்கி, டிஎச்சிபியை அணைத்து, இரண்டு விஎம்மையும் ஒரே அடாப்டரோடு அதில் சேருங்கள். கேட்வே 192.168.10.1. இணையப் பெயர்களுக்கு 8.8.8.8-ஐச் சர்வரின் டிஎன்எஸ் ஃபார்வர்டரில் (தனக்குத் தெரியாத பெயரை வேறு டிஎன்எஸ்ஸிடம் கேட்பது) போடலாம், அதற்குரிய இடம் அதுதான்.

கடிகாரத்தையும் பாருங்கள். சேவ் செய்து நிறுத்திய விஎம்மை எழுப்பும்போது நேரம் பின்தங்கலாம். 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் (டொமைனின் அடையாளச் சரிபார்ப்பு) மறுத்துவிடும், பிழைச் செய்தியோ சில நேரம் கடவுச்சொல் பக்கம் திசைதிருப்பும்.