இரவில் 9 கிலோமீட்டர்: சைக்கிளுக்கு எந்த பேட்டரி விளக்கு வாங்கலாம்?

இருட்டுவழி:
வேலை முடிந்து சைக்கிளை எடுக்கும்போது இரவு 11 மணி ஆகிவிடுகிறது. வீட்டுக்கு 9 கிலோமீட்டர். பாதி தூரம் தெருவிளக்கு உண்டு, அப்புறம் கும்மிருட்டு. இதுவரை பொத்தான் செல் போட்ட குட்டி விளக்கு ஒன்றை ரப்பரால் மாட்டி ஓட்டினேன். அதைப் பார்த்து மற்றவர்கள் விலகுவார்கள், எனக்குத்தான் பாதை தெரியாது. போன வாரம் நடுச்சாலையில் படுத்திருந்த நாய் மேல் ஏற்றியிருப்பேன். முன்சக்கரம் அதன் வாலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதற்குக் கோபம்கூட வரவில்லை, எனக்குத்தான் கை நடுக்கம்.

புது விளக்கு தேடினால் தலை சுற்றுகிறது. ஒரே அளவு டப்பாதான், வெளிச்சத்தின் அளவு ஒன்றில் 400 லூமன், இன்னொன்றில் 10,000 லூமன் என்று போட்டிருக்கிறது. எவ்வளவு போதும்? பேட்டரி உள்ளேயே இருப்பதா, கழற்றி மாற்றுவதா? டைனமோ வேண்டாம், நின்றால் அணைந்துவிடுகிறது.

துருச்சங்கிலி:
10,000 லூமன் பக்கமே போகாதீர்கள். அந்த மாதிரி விளக்குகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்கிற செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதுதான். நல்ல செல்லிலேயே 3500 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குத்தான் மின்சாரம் பிடிக்கும். ஒற்றைச் செல்லின் மேல் 9900 என்று அச்சடித்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.6 வோல்ட்டில் 3500 என்றால் சுமார் 12.6 வாட் மணி. விளக்கில் ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமன் கிடைக்கிறது என்று வையுங்கள். 400 லூமனுக்கு 4 வாட், ஆக மூன்று மணி நேரம் எரியும். 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். ஏழெட்டு நிமிடத்தில் செல் காலி, அதற்குள் விளக்கு தொட முடியாத சூட்டில் இருக்கும்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். பள்ளத்தைப் பார்த்து பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நொடி போய்விடும், நிற்க இன்னும் சில மீட்டர். 15 மீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். 300, 400 லூமன் உண்மையாகவே வந்தால் உங்கள் வழிக்குப் போதும்.

ஆனால் நான் லூமனைவிட வெளிச்சம் விழும் விதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். டார்ச் மாதிரி வட்டமாக அடித்தால் பாதி வெளிச்சம் மரக்கிளைக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போகிறது. ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற விளக்குகளில் வெளிச்சத்தின் மேல்பகுதி கார் விளக்கைப் போல வெட்டினாற்போல் நின்றுவிடும். 'கே' எழுத்துக்கு முன் ஒரு அலைக்கோடு போட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். பிரகாசத்தை லக்ஸ் கணக்கில், அதாவது சாலையில் ஓரிடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்வார்கள்.

செல்லைக் கழற்ற முடிகிற விளக்கே வாங்குங்கள். மூன்று நான்கு வருடத்தில் செல் சோர்ந்துபோனால் விளக்கையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

மழைக்கோட்டு:
துருச்சங்கிலி சொன்னதோடு இன்னும் ஒன்று. மாற்றுச் செல்லைச் சும்மா பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் சாவிக்கொத்தோடு சட்டைப் பையில் வைத்திருந்தேன், இரண்டு முனையும் சாவியில் பட்டுச் சூடாகிவிட்டது. பதறிக்கொண்டு தரையில் வீசினேன். அதற்கென்று பிளாஸ்டிக் டப்பா உண்டு.

மழைக்கு ஐபிஎக்ஸ் என்கிற நீர்த்தாங்கும் தரத்தைப் பாருங்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடக்கலாம். சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைச் சரியாக மூடாவிட்டால் இரண்டுமே வீண். என் முதல் விளக்கு அப்படித்தான் போனது.

நிதானமிதி:
எல்லோரும் முன்விளக்கையே பேசுகிறீர்கள். பின்னால் என்ன மாட்டியிருக்கிறீர்கள்? இரண்டு வருடமாக என் சிவப்பு விளக்கு பிரமாதமாக எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தோழியை ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால், கேரியரில் தொங்கிய பை அதை முழுசாக மறைத்திருந்தது! நீங்களும் சைக்கிளை வழக்கமான சுமையோடு நிறுத்திவிட்டு ஐம்பது அடி பின்னால் நடந்து திரும்பிப் பாருங்கள்.

நான் இப்போது பின்னால் இரண்டு மாட்டுகிறேன். ஒன்று யூஎஸ்பியில் சார்ஜ் ஆவது, இன்னொன்று ஏஏஏ செல் போடுவது. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். சாதாரண ஏஏஏ செல் மெல்ல மெல்ல மங்கி முன்கூட்டியே சொல்லிவிடும். ரீசார்ஜ் செல் கடைசிவரை நன்றாக எரிந்துவிட்டுத் திடீரென்று படுத்துவிடும்.

மினுக்கும் விளக்கு சட்டென்று கண்ணில் படும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருட்டில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கஷ்டம். நிலையாக எரிவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பெடல் ரிஃப்ளெக்டரையும் கழற்றாதீர்கள், மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தாலே சைக்கிள் என்று தெரிந்துவிடும்.

இருட்டுவழி:
அனைவருக்கும் நன்றி. 400 லூமன், கழற்றும் செல், மேல்பக்கம் வெட்டின வெளிச்சம் என்று ஒன்று வாங்கி நான்கு நாளாக ஓட்டுகிறேன். அந்த நாய் நேற்றும் அதே இடத்தில்தான் படுத்திருந்தது. தூரத்திலேயே இரண்டு கண்ணும் பளபளத்தன, சாவகாசமாக ஒதுங்கிப் போனேன்.

ஒரு தொல்லை மட்டும். குண்டும் குழியுமாக வரும்போது விளக்கு தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. திருகை எவ்வளவு இறுக்கினாலும் அதே கதைதான்.

துருச்சங்கிலி:
உங்கள் ஹேண்டில்பார் அந்தப் பிடிக்குக் கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். பழைய டியூபில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, அதன்மேல் மாட்டுங்கள். இன்னும் இறுக்காதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.